உப்புக் கரிக்காத வெள்ளைப் புகை

பூரணமக்காவின்ர நாக்குச் செத்துப்போச்சு என்று மடத்துவெளிச் சந்தியில் ஒரு காலம் கதை அடிபட்டது. அந்தக் கதையைப் பரப்பினவர் வான் வண்டி ஓட்டுகிற கனகு. அவருக்கு அதைச் சொல்லிக் குடுத்ததே அந்தப் பூரணமாகிய நான்தான். ஏன் சொன்னேன் என்பதை இத்தனை நாளும் ஒருவருக்கும் சொல்லவில்லை. கேட்கவேண்டியவரிடம் கேட்டுவிட்டுத்தான் இப்போது எழுதுகிறேன்.

போன கிழமை வேலணையில் வண்டி திருத்துகிற கராச் வைத்திருக்கிற ஒருவர் போன் எடுத்தார்.

"அக்கா, ஒரு டீசல் வான். காலமை ஸ்ராட் பண்ணேக்க வெள்ளைப் புகையாய்த் தள்ளுது. கொம்பியூட்டர் பூட்டிப் பாத்தன். அது ஒரு பிழையும் இல்லையெண்டு சொல்லுது. நீங்கள் முந்தி என்னெண்டு பாக்கிறனீங்கள்?"

"அதுக்குத் தண்ணி ஊத்துறது ஆர்?" என்று கேட்டேன்.

"வானுக்கோ? றைவர்தான் ஊத்துவார். ஏனக்கா?"

"வடிவாய் விசாரியும்" என்று வைத்துவிட்டேன். மிச்சம் போனில் சொல்ல ஏலாது.

நான் சுருவில் ஆள். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு நின்றது. ஆனால் ஒரு எஞ்சினைக் கழற்றிப் பரப்பிவிட்டால் எந்த நட்டு எந்த ஓட்டைக்கு என்று எனக்கு ஒருவரும் எழுதித்தரத் தேவையில்லை. ஊர்காவற்துறைக்குப் போகிற ரோட்டில் மரியதாஸ் அண்ணையின் கராச் இருந்தது. ஆம்பிளைகள் பாதிப்பேர் ஊரில் இல்லாத காலம். அவருக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் குடுக்கப் போனேன். எஞ்சின் சாமான் கழுவச் சொன்னார். கழுவினேன். கழற்றினதைத் திரும்பப் பூட்டச் சொன்னார். பூட்டினேன். சண்டைக் காலத்தில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் கார் ஓடின வருசங்களில் எனக்குக் கை நன்றாய்த் திருந்திவிட்டது. அந்தப் படிப்பைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

ஒரு லொறிக்காரர் நான் வண்டிக்குக் கீழே கிடக்கக் கண்டுவிட்டு, "உமக்குக் குசினியிலை வேலை இல்லையோ?" என்று கேட்டார். மரியதாஸ் அண்ணை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அவவின்ர குசினி இதுதான். நீர் சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ளுக்கு வாரும்" என்றார். அதற்குப் பிறகு அந்த லொறிக்காரர் என்னைக் கண்டால் நின்று கதைத்துவிட்டுத்தான் போவார்.

மரியதாஸ் அண்ணை குறைவாய்க் கதைக்கிற மனுசன். கடற்றொழில் குடும்பம். அவர் வெள்ளைப் புகை பார்க்கிற விதம் வேறு ஒரு இடத்திலும் இல்லை என்று நினைக்கிறேன். வண்டி இராத்திரி முழுக்க நின்று ஆறி இருக்கவேண்டும். சூட்டோடு வந்த வண்டியை அவர் தொடமாட்டார். "சூட்டிலை பாக்கிற புகை, ஆரோ சொல்லிக் கேட்ட கதை" என்பார். முதலில் நல்ல தண்ணியில் நனைத்த துணியால் சைலன்சர்க் குழாயின் வாயைச் சுற்றித் துடைப்பார். பிறகு குழாய் வாயில் ஒரு பீங்கான் கோப்பையைச் சரித்துப் பிடித்துக்கொண்டு, ஸ்ராட் பண்ணச் சொல்லிக் கையைக் காட்டுவார். புகையோடு வருகிற துமி கோப்பையில் படிந்து துளியாய் உருளும். முதலில் மணப்பார். கண் எரிந்து டீசல் மணத்தால் "தாங்கி" என்பார். தாங்கியில் இருக்கிற டீசல் எரியாமல் வருகிறது, அதைப் பீச்சுகிற நொசிலைப் பார் என்று அதற்கு அர்த்தம். மணம் இல்லாவிட்டால் விரலால் ஒரு துளி தொட்டு நாக்கில் வைப்பார். துப்புவார். ஒரு சொல்லுத்தான் வரும். "கிணறு" அல்லது "வானம்."

எங்கள் தீவுகளில் கிணற்றுத் தண்ணி சவர். வாயில் வைத்தால் கரிக்கும். நல்ல தண்ணி பவுசர் என்கிற தண்ணி லொறியில் வரும், கான் கொண்டுபோய் வரிசையில் நின்று எடுக்கவேண்டும். அதை ஒருவரும் வாகனத்துக்கு ஊற்றமாட்டார்கள். றேடியேற்றருக்குள் போவது கிணற்றுத் தண்ணிதான். ஆகவே புகைத் துளி கரித்தால், றேடியேற்றர்த் தண்ணி எஞ்சினுக்குள் இறங்குகிறது, எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்று. கரிக்காவிட்டால் அது குழாய்க்குள் தானாய்ப் பிடித்த ஈரம். பத்து நிமிசம் ஓடினால் போய்விடும். அதுதான் வானம்.

இதை நான் பிழையாய்ச் செய்த நாளும் உண்டு. கடல் துமி பறக்கிற ஒரு சோளகக் காற்றில், கடலுக்கு நடுவால் போகிற தாம்போதி ரோட்டால் வந்து இரவு எங்கள் முற்றத்தில் நின்ற வான். காலமை அவர் வரமுன்னம் நான் கெட்டித்தனத்துக்குக் கோப்பையைப் பிடித்து, நாக்கில் வைத்து, "கிணறு" என்று சொல்லி ஹெட்டைக் கழற்றிவிட்டேன். உள்ளே ஒன்றுமில்லை. குழாயைத் துடைக்க மறந்துபோனேன். மரியதாஸ் அண்ணை வந்து பார்த்தார். ஏசவில்லை.

"பிள்ளை, நீர் நக்கினது கடல் உப்பை" என்றார். "இனித் தனிய இருந்து பூட்டும்."

இரண்டு நாள் தனிய இருந்து பூட்டினேன். அதற்குப் பிறகு என் நாக்குப் பிழைத்ததே இல்லை. அவர் கண்ணை மூடின பிறகு கராச் என் கையில் வந்தது. புங்குடுதீவில் இருந்தும் நெடுந்தீவில் இருந்தும் என் நாக்கைத் தேடி வந்தார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

கனகுவின் வான் புகையோடு வந்தது பங்குனி வெயிலில். அவர் புங்குடுதீவு மடத்துவெளி ஆள். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவார். செவ்வாயும் வெள்ளியும் பெண்சாதி தவத்தை யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார். தவத்துக்கு இரண்டு கிட்னியும் பழுது. கிழமைக்கு இரண்டு தரம் மிசினில் இரத்தம் சுத்தம் செய்யவேண்டும். ஒரு நாள் தப்பினாலும் முகம் ஊதிவிடும், மூச்சு இழுக்கும். பஸ்ஸில் போய்வரத் தாங்காது. அந்த வான்தான் அவவுக்குக் கால்.

"அக்கா, காலமையிலை பத்து நிமிசம் வெள்ளைப் புகை. முதல் ஒரு நிமிசம் வண்டி காய்ச்சல்காரன் மாதிரி நடுங்குது. பிறகு ஒண்டும் இல்லை" என்றார் கனகு. தவம் வானுக்குள் சீலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு இருந்தா.

"தண்ணி குறையுதோ?"

"ஒரு சொட்டுக் குறையேல்லை. ஒவ்வொரு நாளும் காலமை திறந்து பாக்கிறனான். விளிம்பு முட்ட நிக்குது."

"என்ன தண்ணி ஊத்துறனீர்?"

"இதென்ன கேள்வி? எங்கட கிணத்துத் தண்ணிதான். தைப்பொங்கல் வரைக்கும் தேவைப்படுறபோது ஊத்தினனான். பிறகு குறையவே இல்லை."

அவருக்குப் பள்ளிக்கூட ஓட்டம் இருந்தபடியால் வானை இரவு விட்டுப் போகமாட்டார். அதனால் பின்னேரம் வரைக்கும் ஆறவிட்டு, குழாயைத் துடைத்து, கோப்பையைப் பிடித்தேன். கொஞ்சம் புகைதான் வந்தது. டீசல் மணம் இல்லை. நாக்கில் வைத்தேன். உப்பு இல்லை.

"வானம்" என்றேன்.

சொன்னேனே தவிர மனசு ஒத்துக்கொள்ளவில்லை. பங்குனி வெயிலில் மண் வெடித்துக் கிடக்கிறது. மாடு படுத்த இடத்தில்கூட ஈரம் இல்லை. குழாய்க்குள் பத்து நிமிசத்துக்கு எங்கே இருந்து வானம்? ஒயில் அளக்கிற கம்பியை இழுத்துப் பார்த்தேன். பால் மாதிரித் திரிந்திருந்தால் தண்ணி கலக்கிறது என்று சொல்லலாம். ஒயில் சுத்தம். எஞ்சின் சூடான பிறகு றேடியேற்றரில் குமிழி வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. சரி, மணம் எனக்குத்தான் பிடிபடவில்லையோ, டீசல்தான் எரியாமல் வருகிறதோ என்று நொசில் நாலையும் கழற்றிக் கழுவினேன். எஞ்சினைக் காலையில் சூடாக்குகிற ஹீற்றர்ப் பிளக்குகளை மாற்றினேன். தாங்கியின் அடிமண்டியை வடித்தேன். ஒவ்வொரு தரமும் கனகு போய் அடுத்த கிழமை திரும்பி வருவார்.

"அக்கா, புகை அப்படியேதான்."

இரண்டாம் தரமும் நக்கினேன். உப்பு இல்லை. இரவில் படுத்துக்கொண்டு உப்புக்கல்லை நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரித்தது. அப்படியென்றால் நாக்குச் சரி. தண்ணி குறையவில்லை, அதுவும் சரி. புகை வருகிறது, அதுவும் மெய். மூன்றும் மெய்யாய் இருக்க ஏலாது. எது பொய் என்று எனக்குத் தெரியவில்லை. நாற்பது வருசம் வேலை செய்த ஒருத்திக்கு அதைவிடக் கூடாத நிலை இல்லை.

ஹெட்டைக் கழற்றிப் பார்க்கலாம். ஆனால் கழற்றினால் கடைச்சல் பட்டறை, ஹெட்டுக்குக் கீழே தண்ணியை மறிக்கிற கெஸ்கற் தகடு என்று ஒரு கிழமை வண்டி நிற்கும். சும்மா கழற்றி அந்த ஒரு கிழமையில் தவத்துக்கு ஏதும் நடந்தால்? கழற்றாமல் விட்டுத் தாம்போதியின் நடுவில் வண்டி நின்றால்? இதுக்கும் பயம், அதுக்கும் பயம்.

கடைசியில் மரியதாஸ் அண்ணையின் சொல்லுத்தான் நினைவு வந்தது. நான் இந்தப் புகையை விடியற்காலையில் ஒருநாளும் பார்க்கவில்லை. கனகு சொல்லக் கேட்டதுதான். ஒரு வியாழன் பின்னேரம் பஸ் ஏறிப் புங்குடுதீவில் என் ஒன்றுவிட்ட தங்கச்சி வீட்டில் தங்கினேன். கனகுவுக்கு அறிவிக்கவில்லை. சொல்லிவிட்டுப் போனால் எந்த வண்டியும் நல்லபிள்ளையாய் நிற்கும். வெள்ளி விடிய அவர் வீட்டுப் படலையைத் திறந்தேன்.

வான் முற்றத்தில் நின்றது. முன் கதவு திறந்து கிடந்தது. அந்த வானில் முன் சீற்றைத் தூக்கினால்தான் எஞ்சினும் றேடியேற்றர் மூடியும். சீற்றைத் தோளால் முட்டுக்குடுத்துக்கொண்டு, ஊசி போட்டுப் போட்டு வீங்கின கையில் செம்பைப் பிடித்தபடி தவம் தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தா.

"தவம், என்ன செய்யிறீர்?"

திடுக்கிட்டுச் செம்பை நிமிர்த்தினா. ஒரு சொட்டும் சிந்தவில்லை.

"ஐயோ அக்கா, மெல்லக் கதையுங்கோ. அவர் கிணத்தடியிலை குளிக்கிறார்."

"உது என்ன தண்ணி?"

நான் செம்பை வாங்கி விரலை விட்டு நாக்கில் வைத்தேன். பவுசர்த் தண்ணி. குடிக்கிற தண்ணி.

"எவ்வளவு நாளாய் ஊத்துறீர்?"

"பொங்கலுக்குப் பிறகு. ஒவ்வொரு நாளும்."

"ஏன் பிள்ளை?"

"நீங்கள்தானே அக்கா சொன்னனீங்கள்! மார்கழியிலை பிறேக் பாக்க வந்தபோது, சவர்த்தண்ணி ஊத்தாதேங்கோ, எஞ்சினைத் திண்டுபோடுமெண்டு. அவர் சிரிச்சுப்போட்டு விட்டிட்டார். நான் வானுக்குள்ளை இருந்து கேட்டனான்." செம்பைப் பார்த்துக்கொண்டு சொன்னா. "எனக்கு அளந்துதான் குடிக்கச் சொல்லியிருக்கினம். என்ர பங்குத் தண்ணி மிஞ்சுது. என்னைக் காவிக்கொண்டு திரியிறது இதுதானே. இதாவது நல்ல தண்ணி குடிக்கட்டுமெண்டு..."

"ஊத்துறது எவ்வளவு?"

"முதல் ஒரு சிரட்டையளவு. இப்ப ஒரு செம்பு போகுது."

எனக்கு அந்தச் செம்பில் எல்லாம் விளங்கிற்று. பழைய சவர்த்தண்ணி கெஸ்கற்றை எப்போதோ தின்று ஓட்டை போட்டுவிட்டது. அந்த ஓட்டையால் இரவிரவாய் எஞ்சினுக்குள் இறங்கினது தவத்தின் நல்ல தண்ணி. ஒவ்வொரு நாளும் அவ ஊற்ற ஊற்றப் பழைய உப்பும் கழுவுப்பட்டுப் போய்விட்டது. கனகு வந்து பார்க்கமுன்னம் அவ நிரப்பிவிடுகிறா. கனகு சொன்னது பொய்யில்லை. என் நாக்குச் சொன்னதும் பொய்யில்லை. நல்ல தண்ணியில் உப்பு எங்கே இருந்து கரிக்கும்? நான் குடுத்த புத்தியே என் நாக்கை ஏமாற்றிப்போட்டது. இதில் ஆரைக் குற்றம் சொல்கிறது?

"அவரிட்டச் சொல்லிப்போடாதேங்கோ அக்கா" என்றா தவம். "வரிசையிலை நிண்டு எனக்கெண்டு எடுத்துக்கொண்டு வாறவர். போன மாசம் பக்கத்து வீட்டிலை ஒரு குடம் கேட்டு வந்தவை. நான் இல்லையெண்டனான். இருந்தது அக்கா. வானுக்கு வைச்சிருந்தனான். இது வெளியிலை வந்தால் நான் இந்த ஒழுங்கையாலை நடக்க ஏலாது."

கனகு ஈரத் துவாயோடு வந்துவிட்டார். "என்னக்கா, விடியக்காலமை? தேத்தண்ணி குடிச்சனீங்களோ?"

"பிறகு குடிப்பம். ஸ்ராட் பண்ணும்."

பண்ணினார். வண்டி நடுங்கியது. முற்றம் நிறைய வெள்ளை. நான் கோப்பையைப் பிடித்து மணந்தேன், நாக்கில் வைத்தேன். உப்பு இல்லை. வானம் என்கிற சொல்லு வாய்வரைக்கும் வந்தது. தவம் வாசலில் நின்று என்னையே பார்த்தா.

"தம்பி, என்ர நாக்குப் பிழைச்சுப்போச்சு" என்றேன். "இது கிணறுதான். ஹெட் கழட்டவேணும்."

"என்னக்கா சொல்லுறியள்? ரெண்டு தரம் நக்கிப்போட்டு வானமெண்டனீங்கள்!"

"ஓம். வயசு போச்சு. நாக்குச் செத்துப்போச்சு."

அந்த வார்த்தை வாயை விட்டுப் போகும்போது எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை.

"அப்ப என்னத்தை நம்பி வண்டியைத் தாறது? செவ்வாய்க்கிழமை இவ போகாட்டி..." கனகு தவத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"செவ்வாய்க்கு வண்டி உம்மட வாசலிலை நிக்கும்" என்றேன். எந்தத் துணிவில் சொன்னேனோ.

அன்றைக்கு ஆஸ்பத்திரியால் திரும்பிவந்து தவத்தை வீட்டில் இறக்கிவிட்டுக் கனகு வானைக் கராச்சுக்குக் கொண்டுவந்தார். கை வைக்கக்கூடிய சூட்டுக்கு வந்ததும் கழற்றினேன். நாலு பிஸ்ரனில் மூன்று கரிப்பிடித்துக் கிடந்தது. மூன்றாம் இலக்கப் பிஸ்ரன் மட்டும் சாம்பல் போட்டு மினுக்கின கோப்பை மாதிரிப் பளிச்சென்று இருந்தது. ஒவ்வொரு நாளும் தண்ணி கழுவின பளிச்சு. கெஸ்கற்றில் தலைமயிர் அளவுக்கு ஒரு அரிப்பு. சனிக்கிழமை ஹெட்டைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் யாழ்ப்பாணம் கொண்டுபோய்க் கடைச்சல் பட்டறையில் கையோடு நின்றேன். ஞாயிறு பட்டறை பூட்டு. திங்கள் மத்தியானம்தான் ஹெட்டின் முகம் சீவித் தந்தார்கள். பின்னேரம் புதுக் கெஸ்கற் வைத்துப் பூட்டத் தொடங்கினேன். கனகு ஒரு ரயரில் குந்தியிருந்து வெற்றிலை போட்டுக்கொண்டு, "அக்கா, பாத்துப் பூட்டுங்கோ, கையும் செத்துப்போச்சோ தெரியாது" என்றார். நட்டு இறுக்குகிற நேரத்தில் நான் கதைக்கிறதில்லை.

பொழுது படுகிற நேரம் ஓடியது. நல்ல தண்ணிதான் விளிம்பு முட்ட ஊற்றினேன். கனகு முழிசிப் பார்த்தார். "இனி இதுதான் ஊத்துறது" என்றேன். அதே வானில் மடத்துவெளிக்குப் போய், முன் சீற்றைத் தூக்க ஏலாதபடி என் பழைய சீலைத்துண்டால் வரிந்து கட்டி முடிச்சுப் போட்டேன். தவத்தின் காதுக்குள், "காலமை செம்போடை வந்தீரோ, கையை முறிப்பன்" என்றேன். சிரித்தா.

செவ்வாய் விடியத் தங்கச்சி வீட்டிலிருந்து வந்து பார்த்தபோது முடிச்சு அப்படியே இருந்தது. அவிழ்த்து மூடியைத் திறந்தேன். தண்ணி ஒரு விரல் இறங்கியிருந்தது. புதிதாய்ப் பூட்டின எஞ்சினில் உள்ளே அடைபட்ட காற்று வெளிக்கிட்டு ஒரு விரல் இறங்குவது வழமை. ஓட்டையால் இறங்கினாலும் ஒரு விரல்தான் இறங்கும். திரும்ப முட்ட நிரப்பிவிட்டு, ஸ்ராட் பண்ணச் சொன்னேன். வண்டி நடுங்கவில்லை. ஆனால் வெள்ளைப் புகை வந்தது.

கனகு இறங்கி வந்து புகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தவம் ஆஸ்பத்திரிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டா. நான் பழக்கத்தில் கோப்பையைப் பிடித்துத் துளியை நாக்கில் வைத்தேன். உப்பு இல்லை. இருக்கவும் மாட்டாது. உள்ளே இருப்பதும் நல்ல தண்ணி, வானத்து ஈரமும் நல்ல தண்ணி. இரண்டையும் பிரித்துச் சொல்ல இந்த நாக்கால் இனி ஏலாது. மூன்று மாசமாய்ச் சைலன்சருக்குள் இறங்கிக் கிடந்த தண்ணிதான் காய்கிறது என்று புத்தி சொன்னது. அப்படித்தானோ என்று நெஞ்சு கேட்டது.

"போகலாமோ அக்கா?" என்றார் கனகு.

"ஏத்தும். நானும் வாறன்."

இரண்டு கான் தண்ணியையும் நட்டுக் கழற்றுகிற சாவிப் பையையும் காலுக்குள் வைத்துக்கொண்டு பின் சீற்றில், பின்கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தேன். சந்தி கழியப் புகை மெலிந்தது. தாம்போதியில் ஏறும்போது கடல் தெரிந்தது. அதற்கு முன்னால் புகை இருக்கிறதோ, என் கண்தான் மங்கலோ என்று தெரியாமல் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். நடுத் தாம்போதியில் ஒன்றுமே இல்லை.

தவத்தை மிசினில் படுக்கவைத்தார்கள். நாங்கள் இரண்டுபேரும் வேப்பமர நிழலில் நாலு மணித்தியாலம் வானைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். எஞ்சின் நன்றாய் ஆறின பிறகு மூடியைத் திறந்தேன். தண்ணி விளிம்பில் நின்றது. ஒரு நெல்லளவுகூட இறங்கவில்லை.

"அப்ப சரியோ?" என்றார் கனகு.

"சரி."

"நாக்காலையோ பாத்தனீங்கள்?"

"இல்லைத் தம்பி. கண்ணாலை."

"அதுதானே பாத்தன்" என்று சிரித்தார். அன்றைக்குப் பின்னேரமே சந்தியில் கதை தொடங்கிவிட்டது. நான் மறுக்கவில்லை. அடுத்த வருசம் முழங்காலும் ஏலாமல் போகக் கராச்சைப் பூட்டினேன். என் நாக்குச் செத்ததால் பூட்டினேன் என்று சனம் நினைத்தது. கனகுவும் தவமும் இப்போது ஆஸ்பத்திரிக்குக் கிட்ட யாழ்ப்பாணம் ரவுணில் வீடு எடுத்து இருக்கினம். இதை எழுதட்டோ என்று தவத்திடம் கேட்டேன். "அவருக்கு நானே சொல்லிப்போட்டன் அக்கா, பக்கத்து வீட்டுக்காரிக்கும் சொன்னனான். எழுதுங்கோ" என்றா.

அந்தச் செவ்வாய்க்கிழமை மிசினால் எழும்பி வந்தபோது தவம் சோர்ந்துபோய் இருந்தா. வானில் ஏறி இருந்து, கனகு அந்தப் பக்கம் சுற்றி வருகிற நேரத்தில், பைக்குள் இருந்து ஒரு போத்தலை எடுத்து என்னிடம் நீட்டினா.

"இண்டைக்கு என்ர பங்குத் தண்ணி, அக்கா. காலமை வானுக்கெண்டு எடுத்து வைச்சது. அதுக்கு இனித் தேவையில்லையெண்டால் நீங்களாவது குடியுங்கோ."

வாங்கி அண்ணாந்து குடித்தேன். உப்பு இல்லை, ஒரு ருசியும் இல்லை. கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன்.